பொங்கியண்ணன் பார்க்காமல் புகழ்ந்த படம்

பொங்கியண்ணனைத் திட்டாமல் இதை ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் பேச்சைக் கேட்டு நான் மத்தியானம் மூன்று மணிக்கு எருமையைக் கறக்க உட்கார்ந்தேன். எருமைக்கு நேரம் காலம் தெரியாது என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் அப்படி உட்கார்ந்து பார்க்கட்டும். தவிடு வைத்தேன், கன்றை விட்டேன், காம்பில் விளக்கெண்ணெய் தடவினேன். அது என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காலை வீசிப் பால்குண்டாவைக் கவிழ்த்தது. மீனாட்சிபுரத்தில் அன்றைக்கு ஊரே அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. எல்லாம் ஒரு சினிமாவுக்காக.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் அது. பொங்கியண்ணன் எங்கள் பக்கத்து வீடு. கொஞ்சம் பூமி, இரண்டு கறவை, பேச்சுக்குப் பஞ்சமில்லாத வாய். புண்ணாக்கு வாங்கப் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறுவார். புண்ணாக்கோடு ஒரு படத்தையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். மறுநாள் விடியற்காலையில் பால் சொசைட்டி வரிசையில் நின்றுகொண்டு கதை சொல்லுவார். அவர் நல்லாயிருக்குது என்றால் சாயங்காலம் வண்டி கட்டுவோம். உதட்டைப் பிதுக்கினால் வீட்டில் கிடப்போம். அவர் பேச்சை நம்பிப் போய் நாங்கள் ஏமாந்ததே கிடையாது. கொட்டகையில் அவர் சிரிக்கும் சிரிப்பும் ஊரறிந்தது. தொடையில் படாரென்று அடித்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து சிரிப்பார். அவர் ஆரம்பித்தால் கொட்டகையே ஆரம்பிக்கும்.

அந்த வாய்தான் அவர் தங்கச்சி கமலாத்தாளைப் பிறந்த வீட்டுக்கு வரவிடாமல் செய்தது.

கமலாத்தாளைக் கட்டிய சென்னியப்பன் டூரிங் கொட்டகை வைத்திருந்தான். எங்கள் ஊரிலிருந்து வண்டியில் போனால் உட்கார்ந்த இடம் சூடாவதற்குள் வந்துவிடும். கல்யாணமான புதிதில் அவன் திறந்த கொட்டகையில் போட்ட முதல் படத்தைப் பார்த்துவிட்டு, பொங்கியண்ணன் வரிசையில் நின்று, “பாதிப் படம் தூங்கலாமுங்க, மீதிப் படத்துக்கு முழிச்சுத்தான் என்ன பண்றது” என்று சொல்லிவிட்டார். மறுநாள் கொட்டகையில் ஈ ஓட்டினான் சென்னியப்பன். ரோஷக்காரன். தலைப்பிரசவத்துக்குக்கூடப் பெண்டாட்டியை அனுப்பவில்லை. குழந்தை பிறந்து, தவழ்ந்து, நடந்தும்விட்டது. பொங்கியண்ணன் அதைத் தூரத்திலிருந்து சந்தையில் ஒருமுறை பார்த்ததோடு சரி. அவருக்குப் பிள்ளை கிடையாது. அன்றைக்குச் சந்தையிலிருந்து வந்தவர் வெறும் கூடையைக் கையில் வைத்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றிருந்தார்.

இப்போது அந்தக் குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்தவேண்டும். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். மாமன் இருக்கும்போது வேறு ஒருத்தன் மடியில் குத்தினால் அந்த மாமன் செத்ததற்குச் சமம். சென்னியப்பன் அதைத்தான் செய்யப்போவதாகப் பேச்சு. கமலாத்தாளின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவனுக்கு வேட்டிகூட எடுத்துவிட்டானாம்.

அந்த நேரத்தில்தான் சென்னியப்பனிடமிருந்து ஆள் வந்தது. புதுப் படம் வருகிறது, முதல் நாள் முதல் ஆட்டத்துக்கு மச்சான் ஊரைத் திரட்டிக்கொண்டு வரட்டும், மடியைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று.

படத்தின் பெயர் ‘ஒண்ணேகால் மாப்பிள்ளை’. பெரிய கம்பெனி எதுவும் இல்லாமல், கோயமுத்தூர்ப் பக்கத்து இளவட்டங்கள் நாலைந்து பேர் கைக்காசு போட்டு எடுத்த சிரிப்புப் படம். பெரிய நடிகர் கிடையாது, பாட்டுக்கூடக் கிடையாது. ஆனால் பேப்பர்க்காரர்கள் தூக்கிவைத்து எழுதியிருந்தார்கள். இப்படி ஒரு சிரிப்பைத் தமிழ்நாடு கண்டதில்லை என்றார்கள். டீக்கடையில் அதைச் சத்தமாகப் படித்தார்கள். கோயமுத்தூர்க் கொட்டகையில் ஒருத்தன் சிரித்துச் சிரித்து மூர்ச்சையாகிவிட்டான் என்று பஸ் கண்டக்டர் சொன்னார்.

பொங்கியண்ணன் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. பார்க்காத படத்தைப் பற்றி அதுவரைக்கும் அவர் வாயைத் திறந்ததும் இல்லை. அன்றைக்குக் காலையில் வரிசையில் நின்றுகொண்டு, பார்த்தவர் மாதிரியே சொன்னார்.

“எல்லாரும் வந்தரோணுமுங்க. வகுறு புண்ணாகிப் போயிரும், அப்படியொரு சிரிப்பு. மொத ஆட்டத்துக்கே போயிரோணும். ஒரு நாளைக்கு நேரமாக் கறந்துக்கலாமுங்க.”

“எருமை விடுமாங்க?” என்று கேட்டார் பால்காரர் கருப்புசாமி. வரிசையில் எப்போதும் பொங்கியண்ணனுக்கு முன்னால் நிற்பவர்.

“நான் சொல்றனுங்கொ. போலாமுங்க.”

அவர் சொன்னால் சரி. மூன்று மணிக்கே உட்கார்ந்தோம். சொசைட்டியில் அளக்கிற மலையாளத்துக்காரர், ஊரோடு மாட்டுக்கு நோவு வந்துவிட்டதா என்று கேட்டார். கொண்டுபோன பால் கேனின் அடியைத்தான் நனைத்திருந்தது.

அந்த வயிற்றெரிச்சலோடுதான் கொட்டகைக்குள் போய் மணலில் உட்கார்ந்தோம். போன பாலுக்குச் சிரித்துத்தான் தீர்ப்பது என்று இருந்தோம். ஆம்பளைகளுக்கும் பொம்பளைகளுக்கும் நடுவில் ஒரு கயிறு. நான் பொம்பளைகள் பக்கம், கயிற்றோரம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பொங்கியண்ணன். படம் ஆரம்பிக்கும் முன்னால் கமலாத்தாள் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், குழந்தையைக் கயிற்றுக்கு மேலே தூக்கி அண்ணன் மடியில் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பொங்கியண்ணனுக்குக் கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. குழந்தை அவர் சட்டைப் பித்தானைத் திருக ஆரம்பித்தது. அவர் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்.

படம் ஓடியது. மாப்பிள்ளை சைக்கிளில் வருகிறான், விழுகிறான். எழுந்து ஏறுகிறான், மறுபடி விழுகிறான். பெண் வீட்டில் காப்பிக்குப் பதிலாக இஞ்சிக் கஷாயத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அவன் மூஞ்சியைச் சுளிக்கிறான். அந்த மூஞ்சியைக் காட்டுகிறார்கள், காட்டுகிறார்கள், காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அடுத்து வேட்டி கழன்றுவிடும் என்று நினைத்தேன். கழன்றது. ஒருத்தர் சிரிக்கவில்லை. யாரோ இருமினார்கள்.

அப்புறம்தான் கவனித்தேன், யாரும் திரையைப் பார்க்கவில்லை. ஊர் முழுக்கப் பொங்கியண்ணன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. நமக்குப் புரியாத சிரிப்பு ஏதாவது இருந்து, அவர் சிரித்தால் நாமும் சிரிக்கலாம் என்று காத்திருந்தார்கள். மூங்கில் தூணில் சாய்ந்துகொண்டு சென்னியப்பனும் அவரைத்தான் பார்த்தான். அவன் கண் இமைக்கவில்லை. என் பக்கத்தில் கமலாத்தாள் முந்தானை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள்.

சிரித்துத் தொலையுங்களேன் என்று எனக்கே கத்தவேண்டும் போல இருந்தது. பொங்கியண்ணன் கல்லாய் இருந்தார். தொடையில் அடிக்கவேண்டிய கை குழந்தையின் முதுகில் கிடந்தது.

இடைவேளை விட்டது. ஒருவரும் எழுந்து போகவில்லை. கருப்புசாமி தலையை நீட்டி, “என்னுங்க, இனிமேத்தான் சிரிப்பு வருமாங்க?” என்று கேட்டார். பொங்கியண்ணன் குழந்தையின் சட்டையை இழுத்துச் சரிசெய்தார். சென்னியப்பன் ஒரு சோடா பாட்டிலோடு வந்து குனிந்தான். குரலைத் தாழ்த்தித்தான் பேசினான். கயிற்றோரம் இருந்ததால் எனக்குக் கேட்டது.

“மச்சான், இன்னும் பாதிப் படம் இருக்குதுங்க. வெள்ளிக்கெழமை காது குத்து. பாத்துக்குங்க.”

சோடாவைக் கையில் கொடுத்துவிட்டுத் தூணுக்குப் போய்விட்டான். பொங்கியண்ணன் குடிக்கவில்லை. குழந்தை பாட்டிலின் கோலிக்குண்டுக்காகக் கையை நீட்டியது.

விளக்கு அணைந்தது. மாப்பிள்ளை மறுபடி சைக்கிளில் வந்தான். வாய்க்காலில் விழுந்தான்.

பொங்கியண்ணன் சிரித்தார்.

தொடையில் அடித்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து, அதே மாதிரிதான் சிரித்தார். ஆனால் அது சிரிப்பில்லை. தொண்டையில் மீன்முள் சிக்கியவன் போடுகிற சத்தம். மடியிலிருந்த குழந்தை திடுக்கிட்டு வீறிட்டது. அந்த வீறலுக்கு நடுவிலும் அவர் விடாமல் சிரித்தார். முன்வரிசையில் ஓரிருவர் அவரை நம்பிச் சிரித்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர். தூணில் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்து மீசையைத் தடவினான். கமலாத்தாள் மட்டும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதா?

திரும்பி வரும்போது மாடுகளின் கழுத்து மணி மட்டும் கேட்டது. கருப்புசாமிதான் கடைசியில் கேட்டார்.

“ஏனுங்க, நெசமாவே சிரிப்பு வந்துச்சுங்களா?”

“நல்லாத்தானுங்க இருந்துச்சு” என்றார் பொங்கியண்ணன். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மறுநாள் காலையில் வரிசையில் நின்றோம். அவரும் கேனோடு வந்து நின்றார். யாரும் படத்தைப் பற்றிக் கேட்கவில்லை. மழையைப் பற்றிப் பேசினார்கள், உரத்தைப் பற்றிப் பேசினார்கள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கருப்புசாமி கேனைத் தூக்கிக்கொண்டு ஓரடி முன்னால் நகர்ந்துவிட்டார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. கவிழ்ந்த பால் கூடப் போகட்டும். அவர் எங்களைப் பார்த்துப் பொய்ச் சிரிப்பு சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அக்கம்பக்கத்து ஊர்களுக்கு இது தெரியாது. பொங்கியண்ணனே விழுந்து விழுந்து சிரித்தாராம் என்ற சேதிதான் அவர்களுக்குப் போயிற்று. அந்த வாரம் முழுக்க ஊர் ஊராக மூன்று மணிக்குக் கறந்தார்கள். ஊர் ஊராகத் திட்டிக்கொண்டு திரும்பினார்கள். சென்னியப்பன் கொட்டகையில் மணல் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலில் கூடினோம். போகவேண்டாம் என்றிருந்தவர்களும் கமலாத்தாளின் முகத்துக்காக வந்திருந்தார்கள். ஒன்றுவிட்ட அண்ணனுக்கு எடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு பொங்கியண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக் குழந்தையை மடியில் வைத்தார்கள். ஆசாரி கம்பியை எடுத்து, காது மடலில் மைப்புள்ளி வைத்தார்.

சென்னியப்பனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ஊர்ச்சனம் மொத்தமும் எதிரில் இருக்கிறதே.

“கொஞ்சம் இருங்க ஆசாரி. மச்சான் சிரிச்ச சிரிப்புக்கு எத்தனை ஊரு வந்துச்சுன்னு எல்லாருக்குந் தெரியும். மச்சான், உங்க வாயால இங்கயும் ஒரு வார்த்தை சொல்லுங்க. படம் எப்படிங்க?”

ஆசாரியின் கை அப்படியே நின்றது. இன்னொரு பொய் சொல்லிவிட்டால் இந்த மனுஷன் இனி எங்கள் வரிசையில் நிற்க முடியாது. நிஜத்தைச் சொன்னால் குழந்தை மடியில் இருக்காது. பொங்கியண்ணன் கருப்புசாமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு குழந்தையின் காதைப் பார்த்தார்.

“மொதல்ல காதைக் குத்தட்டுமுங்க மாப்பிள்ளை. நல்ல நேரம் போயிரும். பொறவு சொல்றனுங்க.”

ஆசாரி குத்தினார். குழந்தை அலறியது. பொங்கியண்ணன் அதன் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மறுகாதைத் திருப்பிக் கொடுத்தார். அவர் கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. அதைத் துடைக்கக் கை ஒழியவில்லை. இரண்டு காதிலும் கம்பியை வளைத்து முடிச்சுப் போட்டுவிட்டு ஆசாரி கையைத் துடைத்தார்.

“இப்பச் சொல்றனுங்க” என்றார் பொங்கியண்ணன். “படம் நல்லாயில்லீங்க மாப்பிள்ளை. ஒரு எடத்துலகூட எனக்குச் சிரிப்பு வர்ல. அதைப் பாக்காமயே இவுங்ககிட்ட நல்லாயிருக்குதுன்னு சொன்னேன். பாத்தப்பறமும் சொன்னேன். இந்தப் பாப்பாவை ஒருக்கா மடியில வெச்சுக்கோணும்னுதானுங்க சொன்னேன்.”

சென்னியப்பன் முகம் கறுத்துவிட்டது. “எறக்குங்க புள்ளையை” என்று கையை நீட்டினான்.

குழந்தை அழுதுகொண்டே பொங்கியண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டது. கல்யாணமான நாளிலிருந்து புருஷன் எதிரில் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத கமலாத்தாள் நடுவில் வந்து நின்றாள்.

“குத்தியாச்சுங்க. மாமன் மடியிலதான் குத்துச்சுன்னு ஊரே பாத்திருக்குது. இனி எறக்கி என்ன பண்ணப் போறீங்க?”

அவன் யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டான். விருந்துக்கு இலை போட்டார்கள். அவன் வரவில்லை. ஒரு வருஷத்துக்குப் பொங்கியண்ணன் வாசலை அவன் மிதிக்கவில்லை. ஆனால் அந்தத் தீபாவளிக்குத் தெருமுனை வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து பெண்டாட்டியையும் குழந்தையையும் இறக்கிவிட்டான். அதையும் சொல்லவேண்டும்.

காது குத்தின மறுநாள் விடியற்காலை. வரிசையில் எல்லோரும் நின்றிருந்தோம். பொங்கியண்ணன் கேனைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு கருப்புசாமி திரும்பிப் பார்த்தார்.

“ஏனுங்க, பொள்ளாச்சியில புதுப் படம் ஒண்ணு வந்திருக்குதாமுங்களே. எப்படிங்க?”

பொங்கியண்ணன் நிமிர்ந்தார்.

“இன்னும் பாக்கலீங்க” என்றார்.