முகமெல்லாம் காதான செவியன்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள் ஸும்றா. பொழுதுபோக்கு என்னவென்று யாராவது கேட்டால், "பூதம் செய்றது" என்பாள். கேட்டவர் சிரித்து முடிக்கும்வரை பொறுமையாக நிற்பாள். சொல்வது பொய்யில்லை. மாதாமாதம் பௌர்ணமிக்கு வருகிற போயா விடுமுறைகளில் அவள் வீட்டு மேசையில் மூன்று பேர் கூடுவார்கள். ஆளுக்கொரு பாத்திரம்: திருடன், வாள்வீரன், மந்திரக்காரி. ஸும்றா கதை சொல்லச் சொல்ல, அவர்கள் பகடை உருட்டி அந்தக் கதைக்குள்ளே நடமாட வேண்டும். எதிரே வருகிற பூதமெல்லாம் ஸும்றாவின் சொந்தச் சரக்கு. ஆட்டப் புத்தகத்தில் அச்சாகி வந்த பூதத்தைக் கையாலும் தொடமாட்டாள்.

பல்லும் நகமும் அவளுக்குக் கடைசி வேலை. இது எதற்குப் பயப்படும், எது கிடைத்தால் அடங்கும் என்றுதான் முதலில் எழுதுவாள். பிறகு எத்தனை அடி தாங்கும் என்று எண் போட்டு, மூன்று பேருக்குமாகத் தானே பகடை உருட்டி, தனியாக இருந்து சண்டை போட்டுப் பார்ப்பாள்.

போன போயாவில் ஆட்டம் முடிந்து செருப்பை மாட்டும்போது, மந்திரக்காரியாக ஆடும் நிரோஷா, "அடுத்த தடவ வருவேனான்னு தெரியலக்கா" என்றாள். ஸும்றாவுக்குத் திக்கென்றது. ஒருத்தி போனால் ஆட்டமே படுத்துவிடும். அதைவிட, நிரோஷாவை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். காரணத்தையும் தானே முடிவுகட்டிக்கொண்டாள்: எல்லாம் திருடனாக ஆடும் தம்பி நிஸாமின் வாய்! போன் பழுதுபார்க்கும் கடையில் நாள் முழுக்க அளக்கிறவன், மேசைக்கு வந்தும் விடமாட்டான். வாள்வீரனாக ஆடும் சந்திரகுமாராவது இடையில் புகுந்து மல்லுக்கட்டுவார். நிரோஷா நான்கு மணிநேரத்தில் நாலு வார்த்தை கதைத்தால் பெரிய காரியம்.

சரி, அந்த வாயை அடைக்க ஒரு பூதம். மூன்று கிழமை, இருபத்தொரு நாள், மண்டையை உடைத்துக்கொண்டு செய்தாள். பெயர் செவியன். கண் கிடையாது, வாய் கிடையாது, முகமெல்லாம் காது. மேசையில் யார் வாய் திறந்தாலும் அவருடைய பாத்திரத்தின் மேல் பாயும். சைகையால் ஆடுகிறவரை அதற்குத் தெரியவே தெரியாது. நிஸாமுக்காகத் தானே வளவளத்து, ஐந்து தடவை ஆடிப் பார்த்தாள். ஐந்து தடவையும் நிஸாமின் திருடன்தான் செத்தான். அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

போயா வந்தது. நல்லவேளை, நிரோஷாவும் வந்தாள். ஸும்றா செவியனை இறக்கிச் சட்டத்தைச் சொன்னதுதான் தாமதம்.

"இது என்ன அநியாயம் ராத்தா! கதைக்காம எப்பிடி..." என்று அக்காவிடம் பாய்ந்தான் நிஸாம். திருடன் காலி.

"டேய் மல்லி, வாய மூடு!" என்று, தம்பி என்பதைச் சிங்களத்தில் சொல்லி அடக்கப்போன சந்திரகுமாரின் வாள்வீரனுக்கும் பாதி உயிர் போயிற்று. அதன்பிறகு எல்லாரும் கப்சிப். நிரோஷா விரலால் காட்டிக் காட்டி, மந்திரத்துக்கு மேல் மந்திரம் ஏவி, முக்கால் மணிநேரத்தில் செவியனைச் சாய்த்தாள்.

ஸும்றா கைதட்டினாள். "ஒத்த ஆளா முடிச்சிட்டீங்களே! இனி நீங்க வராம இரிக்கேலா, நிரோஷா!"

நிரோஷா சிரிக்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்கக்கா. நான் கால் சென்டர்ல நாள் பூரா பேசுறவ. கொட்டாஞ்சேனையில நான் தங்குற போர்டிங்ல யாரும் யாரோடயும் பேச மாட்டாங்க. நிஸாம் அண்ணன் பேசுறதக் கேக்கத்தான் இங்க வர்றேன். இன்னைக்கும் வேல போட்டிருந்தாங்க, அதான் போன தடவ வருவேனான்னு தெரியலன்னேன். கெஞ்சிக் கூத்தாடி மாத்திக்கிட்டு வந்தேன். இங்கயும் இப்படின்னா நான் எதுக்குக்கா வரணும்?"

ஸும்றாவின் முகம் செத்துப்போயிற்று. மூன்று கிழமை கணக்குப் போட்டவளுக்கு, ஒரு போனைப் போட்டு ஏன் என்று கேட்கத் தோன்றவில்லையே! செவியனை எழுதிய தாளை அந்த இடத்திலேயே நாலாகக் கிழித்தாள்.

"இனி அது வராது" என்றாள்.

நிரோஷா எழுந்து போகவில்லை. கதிரையை நிஸாம் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு. ஏதாவது பேசுங்கண்ணே."

நிஸாம் தொண்டையைச் செருமினான். அக்காவைப் பார்த்தான், சந்திரகுமாரைப் பார்த்தான். இந்த மேசைக்கு வரத் தொடங்கிய ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவனுக்கு வாயில் ஒரு சொல்லும் வரவில்லை.