அரை மணி நேரமும் வராத பஸ்ஸும்

மூச்சு என்று ஒன்று இருப்பதே அது முட்டும்போதுதான் தெரியும். எனக்கு 1998 ஆடி மாதத்தில் தெரிந்தது. அப்போது எனக்கு வயது இருபத்தொன்பது. போடியில் எங்களுக்கு இலவம்பஞ்சுத் தலையணைக் கடை. காற்றுக் காலம் வந்தால் போதும், தும்மலில் தொடங்கி நெஞ்சு இறுகிவிடும். நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஐந்து வயது மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, தானும் மூச்சை அடக்கி நிற்பாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சாகப் பயம் வந்தது.

கஷாயம் குடித்தேன். மாத்திரை விழுங்கினேன். வாயில் வைத்து உறிஞ்சும் மருந்தும் எடுத்தேன். அடங்கும், மறு வாரம் வந்து நிற்கும். ஒரு சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரர் சந்நிதியில் நின்று வாய்விட்டு அழுதேன். "அப்பனே, நீ பிடிச்சா விடமாட்டன்னு சொல்றாக. என் மூச்சையும் அப்படிப் பிடிச்சு வச்சுக்கோ" என்றேன். சனிதோறும் உச்சிப் பூஜைக்குள் எள் தீபம் போடுவேன், அதுவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது என்றும் நேர்ந்துகொண்டேன். யாரும் இதைச் செய்யச் சொல்லவில்லை. நானே வைத்துக்கொண்ட கட்டு. பிடிவாதத்தில் நான் சாமிக்கே சளைத்தவள் இல்லை என்பார் என் வீட்டுக்காரர்.

அடுத்த வருஷம் தேனியில் ஒரு அலர்ஜி டாக்டரம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போனோம். முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்துக் குத்தினார்கள். கால் மணி நேரத்தில் ஒரே ஒரு இடம் துவரம்பருப்பு அளவுக்குத் தடித்தது. மெத்தை, தலையணைத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத பூச்சியாம். வருஷக்கணக்காக நாங்கள் விற்றதும் அதுதான், நான் தலை வைத்துப் படுத்ததும் அதுதான். வீட்டுக்காரர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார்.

மருந்து என்ன தெரியுமா? எது என்னை வாட்டியதோ, அதிலிருந்தே எடுத்த சாரம். அதைத் துளியிலும் துளியாக ஊசியில் ஏற்றி, வாரா வாரம் கூட்டிக்கொண்டே போய் உடம்பைப் பழக்குவார்கள். மூன்று நான்கு வருஷம் ஆகும் என்றார் டாக்டரம்மா. கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. வாட்டுகிறவனே காப்பாற்றவும் செய்வான் என்று நாங்கள் கும்பிடும் சாமி, அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள்ளும் இருக்கிறான் என்று நினைத்தேன்.

தேனியில் ஊசி, அங்கிருந்து நேரே குச்சனூர் என்று சனிக்கிழமையையே கேட்டு வாங்கினேன். டாக்டரம்மா மூன்று விஷயம் சொல்லியிருந்தார். சாப்பிட்டுவிட்டு வரவேண்டும், இழுப்பு இருந்தால் மறைக்கக் கூடாது, ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். சாப்பிட்டாயா என்று கேட்டால் தலையாட்டிவிடுவேன். சாமிக்குக் கொடுத்த வாக்கு, டாக்டருக்குச் சொல்லும் பொய்யை மூடிவிடும் என்பது என் கணக்கு.

ஆறு மாதம் நன்றாகவே போனது. 2000 தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலையிலேயே லேசாக இழுத்தது. சொன்னால் ஊசியைத் தள்ளிப் போடுவார்கள் என்று சொல்லவில்லை. ஊசி போட்ட பத்தாவது நிமிஷம், நர்ஸ் உள்ளே போன நேரம் பார்த்து நழுவினேன். எதிரே பஸ் ஸ்டாப். அந்த பஸ்ஸை விட்டால் உச்சிப் பூஜைக்குப் போக முடியாது. அப்பனே, பஸ் வரட்டும் என்று கண்ணை மூடி வேண்டினேன்.

பஸ் வரவில்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். சாமி மேலேயே கோபம் வந்தது. அப்போதுதான் உள்ளங்கை அரித்தது. காது சுட்டது. தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்துவது போல இருந்தது. எப்படி ரோட்டைக் கடந்தேன் என்று இன்றும் தெரியாது. கிளினிக் வாசலில் நர்ஸ் என்னைத் தாங்கிப் பிடித்தது மட்டும் நினைவிருக்கிறது.

தொடையில் ஒரு ஊசி போட்டார்கள், மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் வைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று உள்ளே இறங்கியது. ஜன்னல் வழியே பார்க்கிறேன், அந்த பஸ் அப்போதுதான் வந்து, நின்று, போகிறது.

டாக்டரம்மா திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த பஸ் நேரத்துக்கு வந்திருந்தா இந்நேரம் பாதி வழியில, வீரபாண்டிப் பக்கம் போயிருப்பீக. அங்கன உங்களுக்கு யாரு ஊசி போடுவாக?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூச்சைப் பிடித்து வை என்று கேட்டவளுக்காக, அவன் பஸ்ஸைப் பிடித்து வைத்திருந்தான்.

அன்று குச்சனூர் போகவில்லை. அடுத்த வாரம் போய், அப்பனே, இனி சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன், எந்த நேரமானாலும் வருவேன் என்று சொல்லித் தீபம் போட்டேன். டாக்டரம்மா அளவைக் குறைத்து மறுபடி ஆரம்பித்தார். அரை மணி நேரமும் அந்த பெஞ்சிலேயே அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன். 2004-இல் ஊசி நின்றது. அந்த ஆடிக் காற்றில், மகளும் நானும் மாடிப்படியை நிற்காமல் ஏறினோம். மேலே போனதும் அவள் என் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இழுக்குற சத்தமே இல்லம்மா" என்றாள்.

இதைப் படிக்கும் அன்பர்களே, உங்களுக்கும் இழுப்பு இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். இருக்கச் சொன்ன நேரம் இருங்கள். அந்த நேரத்தில் கும்பிடுங்கள், அதுவும் சந்நிதிதான். கேட்டது கிடைக்காத அன்றைக்கும் நம்பிக்கையை விடாதீர்கள். இன்றும் பஸ்ஸைத் தவறவிட்டால் எல்லோரும் முணுமுணுப்பார்கள். நான் மட்டும் ஒரு மூச்சு நன்றாக இழுத்துவிட்டு, குச்சனூர் இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுவேன்.