எது முதலில் வருதோ அதுவரை வாரண்டி

எங்கள் மலைநாட்டு ஹட்டனில் கார் விற்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. அந்தக் காருக்கு வாரண்டி என்றால் என்னவென்று வாங்குகிறவருக்குப் புரியவைப்பதுதான் தொண்டைத்தண்ணி வற்றுகிற வேலை. பன்னிரண்டு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து எதையாவது விற்றுப் பிழைக்கும் என் இனத்தாரே, கேளுங்கள்.

தேயிற சாமான்

ராகலையிலிருந்து லீக்ஸ் மரக்கறி பயிரிடும் ஒரு முதலாளி வந்தார். கையெழுத்துக்கு முன்னால் வாரண்டியை முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் மேனேஜரின் உத்தரவு. "எஞ்சின், கியர் பாக்ஸுக்கு வாரண்டி இருக்குங்க. டயர், பிரேக், கிளச், வைப்பருக்கு இல்லைங்க. அதெல்லாம் தேயிற சாமான்" என்றேன்.

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். மழை. மழைக்குள் வளைந்து வளைந்து ஏறும் ரோடு. திரும்பிக் கேட்டார்: "தேயிறதுக்கு இல்ல, தேயாததுக்கு இருக்கு. தேயாததுக்கு என்னத்துக்குங்க வாரண்டி?"

ஒரு லட்சம் கிலோமீட்டர்

மூன்று வருஷம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், எது முதலில் வருதோ அதுவரை வாரண்டி. இதை உடப்புசல்லாவையில் ஓய்வுபெற்ற ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கு மூன்று தரம் சொன்னேன். "அப்ப ஓட்ட ஓட்டக் குறையும்!" என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

ஆறு மாதம் கழித்து முதல் சர்வீஸுக்கு வந்தார். மீட்டரைப் பார்த்தேன். எங்கள் கடையிலிருந்து அவர் வீட்டுக்குப் போன தூரம், வீட்டிலிருந்து திரும்பி வந்த தூரம். அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் கார் தார்ப்பாய்க்குள் இருந்திருக்கிறது. ஆள் ஏறினால் தேயுமாம். அதனால் மனைவியைப் பின்னால் பஸ்ஸில் வரச் சொல்லியிருந்தார். அந்தம்மா மூச்சு வாங்கிக்கொண்டே உள்ளே வந்து என்னிடம் கேட்டார்: "அந்த வாரண்டி எப்ப முடியும்னு சொல்லுங்க தம்பி, நானும் ஒருக்கா ஏறிப் பாக்கணும்."

வயரிங்

பூண்டுலோயா சிவலிங்கம் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்ற வேன் வாங்கினார். வெளியாள் யாராவது வயரிங்கைத் தொட்டால் வாரண்டி போய்விடும் என்று அப்போதே சொல்லியிருந்தேன். மூன்றாம் மாதம் ஹெட்லைட் வயர் கருகிவிட்டது. லைட் இல்லாமல் காலை மூடுபனியில் பிள்ளைகளை ஏற்ற முடியாது. முகம் வாடி வந்து நின்றார். "சத்தியமா யாரும் தொடலைங்க" என்றார். நானும் நம்பி, வாரண்டிப் பாரத்தில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கொழும்பிலிருந்து கம்பெனி இஞ்சினியர் வந்தார். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியாக ஹார்னை அழுத்தினார். கம்பெனி ஹார்ன் சத்தத்துக்குப் பதில் ஒரு பக்திப் பாட்டின் பல்லவி முழுசாக வந்தது. எங்கள் மெக்கானிக் அனிச்சையாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். இஞ்சினியர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாரத்தில் குறுக்கே கோடு போட்டார். சிவலிங்கம் கைகூப்பினார்: "சாமி பாட்டுங்க சேர், இதுக்குமா வாரண்டிய வெட்டுவீங்க?"

என் சொந்தக் கார்

ஊருக்கெல்லாம் வாரண்டி வாசித்த நான், எனக்கென்று ஒரு பழைய கார் வாங்கினேன். பேப்பர் கேட்டதற்குப் புரோக்கர் ரவி நெஞ்சைத் தட்டினான்: "நான் இருக்கேன்ல மச்சான், அதான் வாரண்டி."

எட்டாம் நாள் மச்சினியின் கல்யாணம். மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகும்போது பாதி ஏற்றத்தில் கியர் பாக்ஸ் கைவிட்டது. பட்டு வேட்டியை மடித்துக்கட்டி மாப்பிள்ளையும் தள்ளினார், அசையவில்லை. அந்த வழியாக வந்த தேயிலைக் கொழுந்து லொறியில் ஏறித்தான் அவர் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தார். நான் காரோடு நின்று ரவிக்குப் போன் போட்டேன். ஏதோ விமான அறிவிப்புச் சத்தத்துக்கு நடுவில் அவன் குரல் வந்தது: "மச்சான், வாரண்டி இப்ப கத்தாருக்குப் போய்க்கிட்டு இருக்கு, ரெண்டு வருஷத்துல வந்துரும்."

ஆகவே மக்களே, வாங்குமுன் வாரண்டிப் புத்தகத்தை வாசித்துவிடுங்கள். வாசித்தும் புரியவில்லை என்றால் வெட்கப்படாதீர்கள், விற்கிற எங்களுக்கும் பாதிதான் புரியும்.