ஜாடியில் சுருங்கிய மூளை

கல்கத்தாவில் ஒரு வைத்தியப் பள்ளியில், மாணவர்கள் பிணத்தை அறுத்துப் படிக்கும் கூடத்தில் நான் சேவகனாக இருந்தேன். நான்காம் வகுப்போடு நின்றவனுக்கு அதுதான் கிடைத்தது. ஆபீஸ் உத்தியோகத்தில் இருந்த நம் ஊர்க்காரர்கள் என் கையால் தண்ணீர் வாங்க மாட்டார்கள். அதில் எனக்குக் கோபமில்லை. என் கோபம் வேறு.

அங்கே உறுப்புகளை ஸ்பிரிட்டில் போட்டு வைக்கும் ஜாடி அறையைக் கவனித்துக்கொண்டவர் எங்கள் ஜில்லாக்காரர், அறுபதைத் தாண்டியவர். அண்ணே என்று கூப்பிடுவேன். எந்த உறுப்பு எந்தத் தட்டில் இருக்கிறது, எந்த மழைக்காலத்தில் வந்தது என்று ஏட்டைப் பார்க்காமலே சொல்வார்.

ஒரு நாள் டாக்டர் பாபு வகுப்பில் இரண்டு மூளைகளைத் தராசில் வைத்தார். ஒன்று அன்று காலை இறந்த வாலிபனுடையது. மற்றது குதிரைவண்டி மோதிச் செத்த ஒரு முதியவருடையது. நோய் நொடி இல்லாத மனிதர். அவருடைய மூளை ஒரு வருஷத்துக்கு மேல் ஸ்பிரிட்டில் கிடந்தது. நிறுத்தபோது அது வாலிபனுடையதைவிட எடையில் வெகுவாகக் குறைந்திருந்தது.

"வயதானால் நல்ல மூளையும் இப்படித்தான் வற்றிப்போகும்" என்றார் டாக்டர். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். கையெழுத்து வாங்க வந்து வாசலில் நின்ற பெரிய பாபுவும், அதாவது ஆபீஸின் தலைமைக் குமாஸ்தாவும், அதைக் கேட்டார். ஜாடி அறை வேலையைத் தம் மைத்துனனுக்கு வாங்கித்தர அவர் வெகுநாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஓடிப்போய் அண்ணேயிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"எலுமிச்சங்காய உப்புல போட்டாலுந்தான் சுருங்குது. அதுக்கும் வயசாயிடுச்சாமா?"

"நீங்களே டாக்டர்கிட்ட சொல்லுங்கண்ணே."

"நான் சொன்னா, கிழவன் வேலைக்காகப் பேசுறான்னுவாங்க. நீ சொல்லு."

"எனக்கு நாக்கு எழும்பாதுண்ணே."

"பொணத்தோடயே பழகிட்டே. உசுரோட இருக்கறவனக் கண்டா நடுங்குறே!"

மூன்றாம் நாள் அண்ணே பேருக்கு உத்தரவு வந்தது. மூளை தளர்ந்த வயது, வேலைக்கு ஆகாது, மாதக் கடைசியோடு போகலாம் என்று எழுதியிருந்தது. அதைப் படித்துச் சொன்ன பெரிய பாபுவுக்கே கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தினமும் தேடுவதே வேலை.

அன்றே, முதியவருடைய மூளையையும், அதே மாதம் ஸ்பிரிட்டில் போட்ட ஒரு வாலிபனுடைய மூளையையும் ஜாடியோடு தூக்கிப்போய் டாக்டர் மேஜைமேல் வைத்தேன். "இரண்டும் ஒரே மாதம் போட்டது, பாபு" என்று அரைகுறை வங்காள மொழியில் சொன்னேன்.

அவர் இரண்டையும் நிறுத்தார். வாலிபனுடையதும் சுருங்கித்தான் இருந்தது. முதியவருடையது அதைவிடக் கொஞ்சம் குறைவு. மடிப்புகள் சற்று மெலிந்திருந்தன, பள்ளங்கள் சற்று அகன்றிருந்தன. அது பொய்யில்லை, ஸ்பிரிட் படாத புது மூளைகளிலும் நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அவ்வளவுதான். டாக்டர் தம் நோட்டில், அன்று வகுப்பில் சொன்ன வரியை அடித்தார்.

"நல்ல வேலை செய்தாய்" என்றார்.

"அப்படியானால் அந்த உத்தரவு, பாபு?"

"அது ஆபீஸ் விஷயம்" என்று சொல்லிக் கை கழுவப் போய்விட்டார். நோட்டில் அடித்த கோட்டை உத்தரவிலும் அடிக்க அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் கை வரவில்லை. மாதக் கடைசியோடு அண்ணே வேலையை விட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து, வகுப்புக்கு வேண்டிய ஒரு ஜாடி மைத்துனன் கண்ணில் படவில்லை. பெரிய பாபு என்னை அண்ணே குடியிருந்த டாக்குரியாவுக்கு அனுப்பினார். அண்ணே வீட்டு வாசலில் கட்டில் கயிற்றை இழுத்து முடிந்துகொண்டிருந்தார். எந்த ஜாடி என்று சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மேற்கு அலமாரி, மூணாவது தட்டு, பின்வரிசை. மூடி மெழுகு வெடிச்சிருக்கும், பாத்துத் தூக்கு."

சொன்ன இடத்தில் இருந்தது; மெழுகும் வெடித்திருந்தது.

"எதைப் பார்த்துச் சொன்னான் கிழவன்?" என்றார் பெரிய பாபு.

"வற்றிப்போன மூளையை, பாபு" என்றேன். எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் காதில் விழாததுபோல் காகிதத்தைப் புரட்டினார். பக்கத்தில் நின்ற மைத்துனன், எந்த அலமாரி, எத்தனையாவது தட்டு என்று என்னைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டான்.