ராணியின் கை

ஸ்பெயினில் எப்ரோ ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊரில் யாரும் எதையும் உடைத்ததே கிடையாது. தட்டு தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும், சாவி தன்னைத்தானே தொலைத்துக்கொள்ளும். ஸ்பானிய மொழியில் அப்படித்தான் சொல்வார்கள்; மொழியே கொடுத்த சலுகை! மீன்கடைக்காரி காஸில்டாவும் லேசுப்பட்டவள் அல்ல. அவள் கடையில் தராசுகூடத் தானாகவேதான் விழும்.

திருவிழாவில் ஆடும் இரண்டு ஆள் உயர ராணிப் பொம்மைக்குள் புகுந்து சுமக்கவேண்டும் என்பது அவள் கனவு. பன்னிரண்டு வருடம் கெஞ்சி, இந்த வருடம்தான் கிடைத்தது. சுமப்பவர்களில் பெண் அவள் ஒருத்திதான். திருவிழாவன்று காலை அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பாரத்தில் தடுமாறாமல் இருக்க, சிவப்புக் கச்சையின் நுனியை இன்னொருவர் பிடித்துக்கொள்ள, சுமப்பவர் சுழன்று அதை இடுப்பில் இறுக்கிச் சுற்றிக்கொள்ள வேண்டும். அதற்குக்கூடப் பொறுக்காமல் பொம்மைக்குள் நுழைந்து ஒத்திகைக்கு ஒரு சுற்றுச் சுற்றினாள். ராணி சாய்ந்து கொட்டகைத் தூணில் மோத, கை கழன்று விழுந்தது.

"அதுவா உடைஞ்சுக்கிச்சு!" என்றாள், பழக்க தோஷத்தில்.

சுமப்பவர் குழுவின் தலைவரான சத்தூரியோ, பொம்மைகளைப் பழுதுபார்க்கும் தச்சர் எலாதியோ மீது பாய்ந்தார். "எல்லாம் உன் ஒட்டு வேலைய்யா! இனிமே பொம்மைப் பக்கமே வராத!"

எலாதியோவின் முகம் வெளிறிப்போனது. காஸில்டா பொம்மைக்குள்ளிருந்து வெளியே வந்தாள். தன் தப்பால் பொம்மையைச் சேதப்படுத்தியவர் ஒரு வருடம் சுமக்கக்கூடாது. அதுதான் குழுவின் விதி.

"நான்தான்! கச்சை சுத்தாம ஆடி நான்தான் உடைச்சேன். அவரைத் திட்டாதீங்க!"



எலாதியோவுக்கு உயிர் வந்தது. "ஆகா, 'நான்'னு சொல்ல இந்த ஊர்ல ஒருத்தி இருக்கா! ஆமா சத்தூரியோ, போன வருஷம் ராஜா பொம்மையோட மூக்கு எப்படிப் போச்சு? சளி புடிச்சு உதிர்ந்துடுச்சா?"

சத்தூரியோ காது வரை சிவந்தார். "அது... நான்தான்."

"கிரீடம் நசுங்கினது நான்" என்றான் ஒருவன். "குதிரை வால் நான்!" என்றான் இன்னொருவன். சிரிப்பில் கூரை பறந்தது.

"விதிப்படி பாத்தா எல்லாரும் உக்காரணும். அப்புறம் பொம்மையை யாருய்யா தூக்குறது?" என்றார் சத்தூரியோ. வெளியே மேளம் முழங்கியது. அவரே கச்சையின் நுனியைப் பிடித்தார். "வாம்மா, சுத்து!"

கழன்ற கையைத் துணியால் கட்டிக்கொண்டு ராணி தெருவில் ஆடினாள்.

"ஐயோ, ராணி கைக்கு என்னாச்சு?" என்று கூட்டம் கத்தியது.

பாவாடைக்குள்ளிருந்து கணீரென்று குரல் வந்தது: "நான் உடைச்சேன்!"