அக்கரை கேட்கும் பெட்டி

என் மகன் ஒரு வாரமாகக் கைபேசியில் ஸ்கேனர் ஒன்று வாங்கப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கையில் அடங்கும் ரேடியோப் பெட்டிதான். விமானக்காரர் பேசுவது, படகுக்காரர் ஒருவரையொருவர் கூப்பிடுவது எல்லாம் அதில் விழுமாம். "எந்த அலைவரிசை வேணும்னு கேக்குறாங்கப்பா" என்று நேற்று கைபேசியை என்னிடம் நீட்டினான். எனக்குப் புதுத் தோல் வாசனை வந்தது.

நான் முதல்முதலாக ரேடியோ வாங்கப் போன பதுளை பஜார்க் கடை முழுக்க அந்த வாசனைதான். வெளிநாட்டுச் சாமான் தாராளமாக வரத் தொடங்கிய காலம். கடைக்கார நானா, முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். "என்னத்தக் கேக்கப் போறீங்க மாஸ்டர்? அதச் சொன்னா பொட்டிய நான் சொல்றேன்."

அக்காவைக் கேட்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது? "பாட்டுத்தான் நானா" என்றேன்.

தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தத்தில், அக்கா குடும்பம் இந்தியப் பாஸ்போர்ட்டில் கடல் தாண்டி அக்கரைக்குப் போய் ஒரு வருடமாகியிருந்தது. நான் இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டு, ஹல்துமுல்லைப் பக்கம் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக நின்றுவிட்டேன். அப்புத்தளை ஸ்டேஷனில் அவர்கள் ஏறிய கோச்சி நகர்ந்தபோது அழாத ஒரே ஆள் நான்தான். வாத்தியார் அழக்கூடாது என்று யாரோ சொல்லிவைத்ததைப்போல. லயத்து வரிசைவீட்டுக்குத் திரும்பித்தான் அழுதேன்.

அக்காவுக்கு எழுதத் தெரியாது. யாரையோ பிடித்து எழுதவைத்த கடிதம் வந்தது. அக்கரை வானொலியில் ஞாயிறு சாயந்தரம் பாட்டுக் கேட்டு எழுதுகிறவர்களின் பெயரை வாசிப்பார்கள். போனவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே கார்டில், இங்கே விட்டுவிட்டுப் போன சொந்தங்களின் பெயர்களை எழுதிப் போடுவார்களாம். "ஒம் பேரும் வரும் தம்பி. கேட்டுட்டு எழுது."

அதற்காகத்தான் ரேடியோ. பெரிய பெட்டி கனமான குரலில் பேசியது. சின்னதுக்குக் குரல் மெலிவு, ஆனால் தோல் உறை அவ்வளவு அழகு. எங்கள் லயத்துக்கு வடக்கே முழுக்க மலை, அக்கரை அலையை அது மறைக்கும். கையடக்கப் பெட்டியென்றால் மேலே தூக்கிப் போகலாம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

"பொழுது எறங்கினாத்தான் அக்கரை புடிக்கும். இருந்து கேட்டுட்டு எடுங்க" என்றார் நானா. பஸ் போய்விடும் என்று நான் இருக்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமலே, உறையைப் பார்த்து ரேடியோ வாங்கியவன் அந்தப் பஜாரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஞாயிறுதோறும் மலை ஏறினேன். பெட்டியை இப்படியும் அப்படியும் திருப்புவேன். குரல் வரும், போகும். மூன்றாவது ஞாயிறு எங்கள் தோட்டத்துப் பெயர் வந்தது. எழுந்து நின்றுவிட்டேன். கங்காணி பெயர், பக்கத்துக் காம்பரா வீட்டுக் கிழவர் பெயர், பிறகு ஒரே இரைச்சல். பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கினேன். இரைச்சல் விலகியபோது, "மற்றும் பலர்" என்றார் அறிவிப்பாளர். பாட்டு தொடங்கிவிட்டது.

இரைச்சலுக்குள் போனேனா, பலரில் ஒருவனாகப் போனேனா என்று இன்றுவரை தெரியாது.

அக்கா மனம் நோகக்கூடாதே என்று, "கேட்டேன்க்கா, பேரு நல்லாவே கேட்டுச்சு" என்று எழுதினேன். பதில் வந்தது: "கேட்டுட்டியா, அது போதும். கார்டு போட ரொம்ப தூரம் நடக்கணும் தம்பி. இனிமே போடல."

என் கையாலேயே கதவைச் சாத்திக்கொண்டேன். அதன் பிறகும் பல ஞாயிறுகள் ஏறினேன். வேறு தோட்டங்களின் பெயர்கள் வரும். யார் யாருடைய தம்பிகளோ. அவ்வளவு தனிமையை நான் வேறெங்கும் அனுபவித்ததில்லை.

"கடையில சாயந்தரம் வரைக்கும் இருந்து கேட்டுட்டு எடு" என்றேன் மகனிடம்.

"கடையே கெடையாதுப்பா, பார்சல்ல வரும்."

நானாவின் கடை போய்விட்டது. அந்த ரேடியோவிலும் உறை மட்டும்தான் மிஞ்சிக் கிடக்கிறது. தம்பி பெயரை ரேடியோவில் சொன்னார்கள் என்று, அக்கா சாகும்வரை அங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாளாம். என் பெயர் ஒலித்தது என்று நம்பியிருந்த ஒரே ஆளும் இப்போது இல்லை.