சம்பந்தி வாயில் என் கார்புரேட்டர் பிரஷ்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். திண்டுக்கல் பழனி ரோட்டில் ஒரு சாக்கை விரித்து, இரண்டு ஸ்பேனரோடு உட்கார்ந்தேன். அது நாலு கதவு வைத்த டூவீலர் ஒர்க்‌ஷாப் ஆனது. நாகல் நகரில் மாடி வீடு கட்டினேன். மூன்று பெண்களைக் கரை சேர்த்தேன். ‘இவனெங்க தேறப் போறான்’ என்ற சொந்தக்காரர்கள் வண்டியெல்லாம் பிறகு என் கையால்தான் ஓடியது. இவ்வளவு செய்தவனுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. காரணம் ஒரு பல் பிரஷ். சிரிக்காதீர்கள்.

மூத்தவள் செல்வியை ஒட்டன்சத்திரத்தில் கொடுத்திருக்கிறேன். அங்கே தெருப் பெண்களைக் கூட்டிவைத்து, பழைய பிரஷைக் குப்பையில் போடாதீர்கள், பிளாஸ்டிக் மண்ணில் மக்காது என்று பேசியிருக்கிறாள். போன வாரம் அதை வீடியோ எடுத்து அனுப்பினாள். இட்லித் தட்டின் ஓட்டை, மிக்ஸி ஜாரின் அடி, ஜன்னல் வலை என எதையெல்லாம் அதால் தேய்க்கலாம் என்று சொன்னாள். கைப்பிடியை மெழுகுவர்த்தியில் காட்டி வளைத்தாள். “வளைஞ்சது வாய்க்கு இல்லீங்க. எங்க மாமனார் கதை ஒண்ணு இருக்குதுங்க” என்று ஆரம்பித்தாள் பாருங்கள், எனக்குப் பெட்ரோல் வாசம் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

எங்கள் வீட்டில் பிரஷ் தூக்கிப் போடுகிற பொருளே இல்லை. வாயில் தேய்ந்தால் சட்டைக் காலருக்கு, அங்கேயும் தேய்ந்தால் என் கார்புரேட்டருக்கு. பூமியைக் காப்பாற்றுகிறோம் என்றெல்லாம் அன்று தெரியாது. தூக்கிப் போட மனசு வராது, அவ்வளவுதான். இதில் ஒரு வில்லங்கம். பெட்ரோலில் முக்கித் தேய்த்த பிரஷ் புதிதைவிடப் பளிச்சென்று இருக்கும்.

செல்விக்கு வாய்ப்பேச்சு முடிந்து, நிச்சயத்துக்கு ஒரு வாரம் இருந்தது. மண்டபம் பேச வந்த சம்பந்தி மழையில் மாட்டி எங்கள் வீட்டில் தங்கினார். காலையில், “ஷெல்ஃபுல புது பிரஷ் இருக்கு, எடுத்துக்கங்க” என்றேன். நான் சொன்னதுதான், மறுக்கவில்லை. செத்த நேரம் கழித்துப் போய்ப் பார்க்கிறேன், புது பிரஷ் அட்டையோடு அப்படியே இருக்கிறது. சம்பந்தி வாயில் நுரை. கையில் என் பச்சை பிரஷ். முந்தின நாள் கார்புரேட்டரைத் தேய்த்துவிட்டு நான்தான் அங்கே வைத்தேன்.

“ஏனுங்க சம்பந்தி, உங்கூர்த் தண்ணி ஒரு தினுசா இருக்குதுங்களே?”

“போர் தண்ணிங்க. புதுசா போட்டது” என்றேன். என் நாக்கா அது?

அவர் இட்லி சாப்பிட்டார். ஏப்பம் விட்டார், நான் அடுப்பைத் திரும்பிப் பார்த்தேன். கை கழுவிவிட்டு ஒரு பீடியை எடுத்து வாயில் வைத்தார் பாருங்கள், தீப்பெட்டியைப் பாய்ந்து பிடுங்கிவிட்டேன்.

“என்னங்க, அண்ணன்கிட்டப் போயி இம்புட்டு அவசரமா தீப்பெட்டியப் புடுங்குறீக?” என்றாள் என் வீட்டுக்காரி. அவளுக்கு ஒன்றும் தெரியாது.

“இன்னிக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை” என்று உளறினேன். அன்றைக்குச் செவ்வாய்.

பஸ் ஸ்டாண்டு வரை என் வண்டியில்தான் கூட்டிப் போனேன். சொன்னால் கல்யாணம் நிற்கும். சொல்லாவிட்டால், பெண்ணைக் கொடுக்கிற வீட்டில் பொய்யை வைத்துக் கொடுத்த மாதிரி ஆகும். ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர் விசில் கொடுத்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: “சம்பந்தி, காலையில நீங்க பல்லு தேச்சது என் கார்புரேட்டர் பிரஷ்ஷு. தண்ணி மேல தப்பில்ல.”

அவர் முகம் அசையவில்லை. பஸ் நகர்ந்தது. “நிச்சயத்துக்கு வாரப்ப எம்பட பிரஷ்ஷ நானே கொண்டாந்தர்றனுங்க” என்றார். கோபமா கேலியா? அந்த ஒரு வாரம் நான் தூங்கவில்லை. வீட்டிலிருந்த பழைய பிரஷ் அத்தனையின் கழுத்தையும் மெழுகுவர்த்தியில் காட்டி வளைத்தது அப்போதுதான்.

நிச்சயத்தன்று சட்டைப் பையில் பிரஷ் செருகிக்கொண்டு வந்து இறங்கினார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் கல்யாணப் பந்தியில் மனுசன் கதையையே மாற்றிவிட்டார். “மோந்த ஒடனே தெரிஞ்சு போச்சுங்க. பொண்ணு வீட்டுக்காரரு மனசு நோகுமேன்னு கம்முனு இருந்துட்டேன்.” பந்தியே அவர் பெருந்தன்மையைப் புகழ்ந்தது. பெண்ணைப் பெற்றவன், நானும் சிரித்து வைத்தேன். பிறகு தனியே கேட்டால் கண்ணடிப்பார். ஒரு நாளும் திருத்திச் சொல்லவில்லை.

போன ஐப்பசியில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றைக்குப் பஸ் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். மூன்றாவது ஆள் கேட்கவில்லை. இனி நான் சொன்னால் கிழவன் பெருமையடிக்கிறான் என்பார்கள். செல்வி கூட்டத்தில் சொன்னதும் அவர் கதைதான், கைதட்டலும் அவருக்குத்தான்.

செல்வி, உன் மாமனார் பெரிய மனுசன், ஒத்துக்கொள்கிறேன். அவர் சொன்னதை நீ நம்பியதிலும் தப்பில்லை. பிரஷை வளைத்த யோசனை உன்னுடையதாகவே இருக்கட்டும். ஆனால் உன் கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும் என்று ஓடப்போகிற பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னது நான். அடுத்த கூட்டத்தில் அதைச் சொல். என் பேரைச் சொல்லிச் சொல்.